‘புது ஆள் வரட்டும் தம்பி, தர்றேன்!’ - மதுரையில் உங்க அட்வான்ஸ் பணம் எங்கே மாட்டிக்கிட்டு நிக்குது?

குட்டியானையில் கடைசிச் சாமானாக வாஷிங் மெஷினையும் ஏற்றியாச்சு. துடைப்பத்தையும் பழைய பக்கெட்டையும் ஓரமாகச் சொருகியாச்சு. வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, சாவியோடு கீழ்வீட்டுக்குப் போகிறீர்கள். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ரெண்டரை வருஷத்தில் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. பொங்கலுக்குக் கரும்பெல்லாம் கொடுத்துவிட்டிருக்கிறார். சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "புது வீடு எந்தப் பக்கம் தம்பி, தண்ணி நல்லா வருதா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். நீங்கள் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறீர்கள்: "அண்ணே, அந்த அட்வான்ஸ்..."

"அது எங்க தம்பி போயிரப் போகுது? புது ஆள் வரட்டும், வாங்கி அப்படியே உங்க கையில தர்றேன்."

செல்லூரோ, வில்லாபுரமோ, எல்லிஸ் நகரோ, மதுரையில் வாடகைக்கு இருந்த யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வார்கள். நாமும் 'சரிண்ணே' என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால், அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் பணம் தன்னிடம் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்.

நம்மில் பலர் நினைப்பதுபோல அட்வான்ஸ் என்பது வீட்டுக்காரர் பீரோவில் கவர் போட்டு வைத்திருக்கும் பணம் இல்லை. நீங்கள் கொடுத்த அன்றைக்கே அது முந்தைய குடித்தனக்காரருக்குப் போயிருக்கும். இல்லையென்றால் மொட்டைமாடி ரூமுக்கு சிமென்ட் வாங்கியிருப்பார், மகள் காதுகுத்துக்குச் செலவழித்திருப்பார். உங்களுக்குப் பணம் வர வேண்டுமென்றால் உங்களுக்கு அடுத்து ஒருவர் வந்து மாட்ட வேண்டும். ஆக, நீங்கள் கொடுத்தது வட்டியில்லாக் கடன். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, திருப்பித் தரும் தேதியும் இல்லை. பேங்க்கில் இப்படி ஒரு கடனை நாம் கேட்டால் வாட்ச்மேனே வெளியே அனுப்பிவிடுவார்.

மதுரையில் இதற்கு காலண்டரும் ஒத்துழைக்கும். ஆனி மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து பாருங்கள். ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? "ஆவணி பொறக்கட்டும்" என்பார். கார்த்திகையில் காலி செய்தால் மார்கழி வந்து குறுக்கே நிற்கும். டு-லெட் போர்டு மழையில் நனைந்துகொண்டிருக்க, உங்கள் 50,000 ரூபாயும் அதோடு சேர்ந்து காத்திருக்கும். இதற்கிடையில் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க நீங்கள் நகையை அடகு வைத்திருப்பீர்கள். அந்த வட்டி யார் கணக்கு? உங்கள் கணக்குதான்.

பெயின்ட் கணக்கு

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பை-பாஸ் ரோடு பக்கம் ஒரு மாடி வீடு. 7,500 ரூபாய் வாடகை, 50,000 அட்வான்ஸ். மூன்றரை வருஷம் கழித்துக் காலி செய்தபோது, ஒரு மாதம் இழுத்து, பிறகு ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். பெயின்ட் 12,000. பாத்ரூம் டைல்ஸ் உப்புக்கறை கிளீனிங் 3,000. சுவரில் ஆணி அடித்த ஓட்டை அடைக்க 1,500. கிச்சன் குழாய் 600. போர் தண்ணி உப்பாக இருந்தால் டைல்ஸ் வெள்ளை பூக்கத்தானே செய்யும்? தண்ணீர் கொடுத்ததே அவர்தான். "அண்ணே, நாங்க வர்றப்பவே சுவர் மங்கிப்போய்த்தான இருந்துச்சு?" என்றேன். "அதுக்கு என்ன தம்பி ஆதாரம்?" என்று கேட்டார். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. அந்த வீட்டில் எடுத்த ஐந்நூறு செல்ஃபியில் ஒன்றில்கூட சுவர் ஒழுங்காகத் தெரியவில்லை.

நான் 33,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சீட்டில் எது சரி, எது அநியாயம் என்று அன்றைக்குத் தெரியாது. பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். குழாய்க்குப் போட்ட 600 ரூபாய் நியாயம், பெயின்ட் 12,000 அநியாயம் என்று புரிந்தது.

எப்படி? தமிழ்நாட்டில் வீட்டுக்காரர் - குடித்தனக்காரர் உறவுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள 'தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிடலாம். ஆனால், உள்ளே இருப்பது நமக்கு வேண்டிய சங்கதி. 11-வது பிரிவு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. குடித்தனக்காரர் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். 'புது ஆள் வந்த பிறகு' என்று அதில் எங்கேயும் இல்லை. ஆடி மாதத்துக்கு விலக்கும் இல்லை.

அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், வீட்டில் எந்த வேலை யார் பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் வேலை, கட்டடத்தின் பெரிய ரிப்பேர்கள் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, அடைப்பு எடுப்பது போன்ற சின்ன வேலைகள் குடித்தனக்காரர் பக்கம். புழங்கப் புழங்க வருகிற தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால், குழந்தை சுவர் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் மீனாட்சி கல்யாணம் வரைந்து வைத்திருந்தால் அது தேய்மானம் இல்லை பாஸ், அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

'காலி பண்ணும்போது ஒரு மாச வாடகை பெயின்ட்டுக்குப் பிடிப்போம்' என்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. சில ஒப்பந்தங்களில் அதை டைப் அடித்தே வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்த வரியைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். உள்ளே போனபிறகு அதைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்காது.

அன்றைக்கு ஒரு மாதம், இன்றைக்கு மூன்று மாதம்

எவ்வளவு அட்வான்ஸ் கேட்கலாம்? இங்கே ஒரு வேடிக்கை. 2019 வரை நடைமுறையில் இருந்தது 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி ஒரே ஒரு மாத வாடகைதான் அட்வான்ஸாக வாங்கலாம். ஆமாம், ஒரு மாதம்! நம்ம அப்பாக்கள் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறிய காலத்திலும் சட்டம் அதுதான். வாடகை பாக்கி வைத்ததாகக் குடித்தனக்காரர்மேல் வழக்குப் போட்டால், கூடுதலாக வாங்கிய அட்வான்ஸை அந்தப் பாக்கியில் கழிக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

புதுச் சட்டத்தில் மூன்று மாத வாடகை வரை என்று உயர்த்தினார்கள். ஆனால், 'இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர' என்று ஒரு சன்னலைத் திறந்தும் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது சன்னல் இல்லை, வாசல். வீடு தேடி அலைகிறவருக்கும் சாவி வைத்திருக்கிறவருக்கும் நடுவில் 'பேசி முடிவு செய்வது' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாதம் என்றது. அது மாதிரிதான், மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால் உண்டு.

'பேச்சிலருக்கு வீடு இல்லை' என்ற போர்டைப் பத்து தெருவில் பார்த்துவிட்டு வந்தவன், பதினோராவது தெருவில் ஒருவர் 'சரி வாங்க' என்றதும் அட்வான்ஸைப் பற்றிப் பேரமா பேசுவான்? தனியாக வீடு தேடுகிற பெண்களுக்கு இன்னும் மோசம். "நீங்க என்ன ஆளுங்க?", "கறி சமைப்பீங்களா?" என்ற விசாரணைகளைத் தாண்டி வருகிறவருக்கு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் போதும் என்றுதான் தோன்றும். அட்வான்ஸ் சண்டையில் நாம் தோற்பது காலி செய்கிற அன்றைக்கு இல்லை, வீடு பார்க்க வந்த அன்றைக்கே.

ஒத்தி என்கிற பெரிய பூதம்

இதுவரை சொன்னது ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கதை. மதுரைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. சென்னையில் 'லீஸ்', 'போக்கியம்' என்பார்கள். நமக்கு அது 'ஒத்தி'.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக: மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் வாடகையே இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வர வேண்டும். கல்யாணமான புதிதில், மனைவியின் நகையை வைத்து, ஊரில் அப்பா விற்ற ஆட்டுக்காசைச் சேர்த்து, ஆபீஸ் லோன் போட்டு, எப்படியாவது ஒத்திக்குப் போய்விட்டால் மாத வாடகைத் தொல்லை விட்டது என்பது உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்கு வருகிற எத்தனையோ குடும்பங்களின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 8,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீடு ஐந்து லட்சத்துக்கு ஒத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து லட்சத்தை 7 சதவிகித வட்டியில் பேங்க்கில் போட்டால் மாதம் சுமார் 2,900 ரூபாய் வரும். ஒத்தியில் போட்டால் 8,000 வாடகை மிச்சம். மாதம் ஐயாயிரம் லாபம்! சூப்பர்தான். ஆனால், அந்த ஐயாயிரம் உங்களுக்கு எதற்காகக் கிடைக்கிறது என்று யோசித்தீர்களா?

வீட்டுக்காரர் பக்கம் போய் உட்காருங்கள். அவருக்கு அவசரமாக ஐந்து லட்சம் தேவை. வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 கட்ட வேண்டும். வீட்டை ஒத்திக்கு விட்டால் 8,000 வாடகைதான் போகும். அதனால் ஒத்திக்கு விடுகிறார். அதாவது, ஒத்தி போர்டு மாட்டியிருக்கிறவர்களில் கணிசமான பேர் பணமுடையில் இருக்கிறவர்கள். அவருக்குக் கடன் கொடுக்கிற ஆள் நீங்கள். வெளிக்கடன்காரன் செய்கிற விசாரணையில் பாதிகூட நாம் செய்வதில்லை. ஹால் பெரிசா இருக்கா, தெற்கு பார்த்த வாசலா, தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது என்று பார்த்துவிட்டு அஞ்சு லட்சத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

காகிதம்? 100 ரூபாய்ப் பத்திரத்தில் டைப் அடித்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து. வீட்டின் மேல் உரிமையோடு பணம் கொடுப்பது என்றால் சட்டத்தின் கண்ணில் அது அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான சுவாதீன அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றச் சட்டம் சொல்கிறது. அன்றைக்கு 100 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கும் எல்லை அதேதான்! பதிவு செய்யாத ஒத்திப் பத்திரம் வீணாகிவிடாது. நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால், அந்த வீட்டின் மேல் உங்களுக்குப் பிடி எதையும் அது கொடுக்காது. வில்லங்கச் சான்றிலும் உங்கள் பெயர் ஏறாது. வீட்டுக்காரர் அதே வீட்டை வைத்து இன்னொரு இடத்தில் கடன் வாங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் கடன் பேங்க் கடனாக இருந்து தவணை நின்றுபோனால்தான் உண்மையான சிக்கல். 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி பேங்க் சிவில் வழக்கு நடத்திக் காத்திருக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் ஒட்டி, வீட்டைக் கையகப்படுத்தி, ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் உங்கள் வாசல் கதவில் பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். கடன் வாங்குவதற்கு முன்பே பதிவு செய்த ஒப்பந்தத்தோடு குடியிருப்பவருக்கு நீதிமன்றங்கள் ஓரளவு பாதுகாப்புக் கொடுத்திருக்கின்றன. பேங்க் கடனுக்குப் பிறகு, வெறும் பத்திரத்தாளோடு குடிவந்தவரின் நிலைமை ரொம்பவே பலவீனம். மதுரையிலேயே கடன் வசூல் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே முறையிட வழி உண்டு. ஆனால், முறையிட்டால் கிடைப்பது அதிகபட்சம் கொஞ்ச நாள் அவகாசம். ஐந்து லட்சத்துக்கு அந்த வீட்டுக்காரரைத்தான் துரத்த வேண்டும். வீட்டையே விட்டவரிடம் வேறு என்ன இருக்கும்?

கொரியாவில் வெடித்தது

இதைப் படித்துவிட்டு 'நம்ம ஊர்லதான் இப்படி' என்று நினைக்காதீர்கள். கே-டிராமா பார்க்கிறவர்களுக்கு 'ஜியோன்சே' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கும். நம்ம ஒத்தியேதான். வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷம் வாடகையில்லாமல் இருப்பது. அங்கேயும் பழைய ஆளின் பணத்தைப் புது ஆளின் பணத்தை வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தவரை சக்கரம் சுற்றியது. 2022-ல் வட்டி ஏறி, விலை இறங்கி, புது ஆள் குறைந்த பணம்தான் கொடுப்பேன் என்றதும் சக்கரம் நின்றது. ஒத்திப் பணத்தை வைத்தே அடுத்தடுத்து வீடு வாங்கிக் குவித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வைத்திருந்த ஒருவர் அந்த வருஷம் அக்டோபரில் திடீரென்று இறந்துபோக, அவர் வீடுகளில் இருந்தவர்கள் பணத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். 'வில்லா கிங்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பெயர் வைத்தன. இஞ்சோன் நகரத்தில் பணத்தை இழந்த இளைஞர்கள் சிலர் 2023-ன் தொடக்கத்தில் தற்கொலை செய்துகொண்ட பிறகு, மே மாதம் அந்த நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. இதுவரை அரசு அங்கீகரித்த பாதிக்கப்பட்டவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள், நம்ம வயசு.

மதுரையில் ஒரே ஆளிடம் ஆயிரம் வீடு இருக்காது. கீழே தான் குடியிருந்து, மாடியை விடுகிற சின்ன வீட்டுக்காரர்கள்தான் இங்கே அதிகம். அதனால் அந்த அளவுக்கு ஒரேயடியாக வெடிக்காது. தெருத்தெருவாக, ஒவ்வொரு வீடாக, சத்தமில்லாமல் நடக்கும்.

இதற்கு மருந்து என்னவென்று சில நாடுகள் கண்டுபிடித்துவிட்டன. பணத்தை வீட்டுக்காரர் கையிலேயே கொடுக்காதே, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1977-லேயே டெபாசிட்டை அரசு வாரியத்தில் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் டெபாசிட்டைச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காத வீட்டுக்காரருக்கு மூன்று மடங்கு வரை அபராதம். காலி செய்யும்போது சண்டை வந்தால் மூன்றாவது ஆள் ஒருவர் போட்டோக்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். பெயின்ட்டுக்குப் பிடிக்கணும் என்றால் வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். நம்மிடம் 2017 சட்டம் தேதி குறித்தது, தொகை குறித்தது. பணம் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் தொடவில்லை. அந்த ஒரு இடத்தில்தான் எல்லாச் சண்டையும் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

இன்னும் வீடு பார்க்கும் நிலையில் இருப்பவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒத்தி என்றால் முதலில் வில்லங்கம் பாருங்கள். வீட்டுக்காரரிடம் பத்திர எண்ணையோ சர்வே எண்ணையோ கேட்டு வாங்கினால், பதிவுத்துறையின் 'டிஎன்ரெஜிநெட்' தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். அதில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்து, அதற்கு ரசீது பதிவாகாமல் இருந்தால் பேங்க் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண்ணைக் கேட்டதுமே வீட்டுக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான். பதிவுச் செலவைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஐந்து லட்சத்துக்கு அது காவல்.

மாத வாடகை என்றால், ஒப்பந்தத்தை எழுதி 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கலெக்டர் நியமிக்கிற, துணை கலெக்டர் அந்தஸ்தில் உள்ள அதிகாரி அவர். அதற்கென்றே 'டெனன்சி' என்று தமிழ்நாடு அரசின் இணையதளம் இருக்கிறது. பதிவு செய்தால் ஒரு எண் கிடைக்கும். "அதெல்லாம் எதுக்கு தம்பி, பதினோரு மாச அக்ரிமென்ட் போதும்" என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுத்துறையில் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்கவே அந்தப் பதினோரு மாதக் கணக்கு. இந்தப் பதிவு வேறு. பதிவு இருந்தால் வாடகை நீதிமன்றத்துக்கும், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயத்துக்கும் போகும் பாதை தெளிவாக இருக்கும். இல்லையென்றால் சாதாரண சிவில் கோர்ட் வழிதான் பெரும்பாலும் மிஞ்சும். கோயில், வக்ஃபு இடங்களில் குடியிருப்பவர்கள் கவனிக்க: இந்தச் சட்டம் உங்களைத் தொடாமல் போகலாம். மாசி வீதிகளைச் சுற்றி அப்படிப்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன.

வீட்டுக்காரர் பதிவுக்கு வரவே மாட்டேன் என்கிறாரா? அட்வான்ஸையாவது பேங்க் வழியாக அனுப்புங்கள், 'வீட்டு அட்வான்ஸ்' என்று குறிப்பு எழுதி. சாவி வாங்கின அன்றைக்கே, சாமான் இறக்குவதற்கு முன்பு, ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "அண்ணே, வீடு பார்த்தோம், ஹால் சுவர்ல மேல் ஓரம் ஈரம் இருக்கு, பாத்ரூம்ல ஒரு டைல்ஸ் விரிசல் இருக்கு, சும்மா தகவலுக்கு" என்று மரியாதையாக ஒரு வரி. அவர் ஒரு கும்பிடு எமோஜி போட்டால்கூடப் போதும். மெசேஜ்கள் கோர்ட்டில் செல்லும், உரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டும் என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். போனை மாற்றும்போது சாட்டை அழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே காலி செய்துவிட்டு, பணம் வராமல் காத்திருப்பவரா? முதலில் போனில் பேசுவதை நிறுத்தி எழுத்துக்கு வாருங்கள். போனில் 'அடுத்த வெள்ளிக்கிழமை' என்று பத்து தடவை சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. காலி செய்த தேதி, கொடுத்த தொகை, வர வேண்டிய பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். கழித்திருந்தால் எதற்கு எவ்வளவு, பில் எங்கே என்று கேளுங்கள். கரன்ட் பில் பாக்கி என்று சொன்னால் சர்வீஸ் நம்பரை வைத்து மின்வாரிய ஆப்பில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். நிறையப் பேருக்கு அந்த நோட்டீஸிலேயே பணம் வந்துவிடுகிறது, ஏனென்றால் 'புது ஆள்' வரிசையில் நீங்கள் முன்னுக்கு வந்துவிடுகிறீர்கள்.

போலீஸ் ஸ்டேஷன் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பணத்தை வசூலித்துக் கொடுப்பது அவர்கள் வேலை இல்லை, 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுவார்கள். சாமானை வெளியே எடுக்க விடவில்லை, மிரட்டுகிறார்கள் என்றால் மட்டும் அது வேறு விஷயம்.

வழக்கு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு: 40,000 ரூபாய் கேட்டு சிவில் வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவிகிதம், அதாவது 1,200 ரூபாய். வக்கீல் செலவும் அலைச்சலும் தனி. பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று ஆறப்போட்டவர்களின் பணம் இந்த மூன்று வருஷத்தில்தான் கரைகிறது.

வழக்குப் போடாமலே இன்னொரு வழி உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால், வழக்குக்கு முந்தைய சமரசமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரை அழைப்பார்கள். லோக் அதாலத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆனால், அவர் வரவே இல்லை என்றால் அங்கே கட்டாயப்படுத்த முடியாது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம், இது நம்ம பக்கத்துத் தப்பு. "அட்வான்ஸ் எப்படியும் வராது, அதனால கடைசி நாலு மாச வாடகையைக் கொடுக்காம கழிச்சுட்டுப் போறேன்" என்று நிறைய நண்பர்கள் ஐடியா கொடுப்பார்கள். நானே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் அருமையான வழி, இரண்டு பேருக்கும் தலைவலி மிச்சம். சம்மதம் இல்லாமல் செய்தால் நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அந்தப் பக்கம் தாவிவிடும். மூன்று மாதம் கரன்ட் பில் கட்டாமல், சாவியைக் கொரியரில் அனுப்பிவிட்டுப் போன குடித்தனக்காரர்களும் இந்த ஊரில் உண்டு. உங்களிடம் அத்தனை அட்வான்ஸ் கேட்டதற்கு அவர்களும் ஒரு காரணம்.

காலி செய்யப்போவதை ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். புது ஆளைத் தேட அவருக்கும் நேரம் கிடைக்கும். அந்த மெசேஜிலேயே, எந்தத் தேதி சாவி தருவீர்கள், எந்தத் தேதி பணம் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். இலவசச் சட்ட உதவிக்கான தேசிய ஹெல்ப்லைன் எண் 15100.